மீ வந்துருச்சு

எந்தப் பொருளில் ஈரம் சேரவே கூடாது என்று பதினாறு வருஷம் காவல் காத்தேனோ, அதே பொருளின் மேல் இப்போது என் மகளின் பூனை தினமும் காலையில் உட்கார்ந்து சிறுநீர் கழிக்கிறது. மகள் ஜெசிந்தா அதைப் பூனையின் கழிவுத் தட்டில் போட, யாங்கோனில் எங்கள் லத்தா கடைத்தெருவில் பொட்டலமாக வாங்கி வந்தாள். பொட்டலத்தின் மேல் 'வன்மரக் குச்சி, வீட்டு உபயோகத்துக்கு' என்று பர்மியத்தில் போட்டிருந்தது. கீழே அடுப்பு ஒரு படம், பூனை ஒரு படம். பூனைப் படம்தான் பெரிது.

ஒரு குச்சியை எடுத்து இரண்டு விரலால் ஒடித்துப் பார்த்தேன், 'டிக்' என்று ஒடிந்தது. நல்ல சரக்கு. ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊரில் இருக்கும் எங்கள் ஆலைச் சரக்குதான்.

அதே வாரம் ஆலையிலிருந்து போன் வந்தது. என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் மா தெட் பேசினாள். "ஊ சா, பேனல் அறையில ஒரு தாள் ஒட்டியிருக்கே. நெருப்புப் பிடிச்சா 'நெயுப்பு'ன்னு கத்தணும்னு போட்டிருக்கு. அப்படி ஒரு வார்த்தை பர்மியத்திலேயே இல்லை. புதுசா வந்தவங்க பார்த்துச் சிரிக்கிறாங்க. அது என்ன கதைன்னு எழுதித் தாங்களேன்" என்றாள். அவளுக்கு பர்மியத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அரைப் பக்கத்தில் ஒரு மூன்று நாள் விடுபட்டிருக்கிறது. அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சவரிநாதன். ஆலைப் பதிவேட்டில் அதை எழுத இடம் போதாமல் முதல் எழுத்தை மட்டும் வைத்து 'கோ சா' ஆக்கினார்கள். தலை நரைத்ததும், பெரியவர்களுக்குப் போடும் 'ஊ' சேர்ந்து 'ஊ சா' ஆனேன். பதவி உயர்வு என்று எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அப்பா துறைமுக அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்தவர். மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்கு ஆங்கிலம் எழுத வரும். மர அறுவை ஆலையில் பலகைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலத்தில் குச்சி ஆலை வந்தபோது, மரமும் தெரியும் ஆங்கிலமும் தெரியும் என்று என்னைத் தர ஆய்வாளன் ஆக்கினார்கள். இரண்டு வாரம் பயிற்சி. அதில் ஒரு வாரம் மின்சாரம் இல்லை.

குச்சி செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அறுவை ஆலைகளில் விழும் மரத்தூளைக் காயவைத்து, பொடித்து, துளை போட்ட இரும்பு அச்சின் வழியாக உருளையால் அழுத்த வேண்டும். முறுக்கு பிழிகிற மாதிரி வெளியே வரும். பசை எதுவும் கிடையாது. அழுத்துகிற சூட்டில் மரத்தில் இருக்கிற பிசினே இளகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். வரும்போது கை வைக்க முடியாத சூடு. ஆறவைத்து, தூள் சலித்து, மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றினால், பனி பெய்கிற ஒரு தேசத்தில் வீடுகளின் கணப்பு அடுப்பில் எரியும். அங்கே மக்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்வார்கள் என்று கேள்வி.

நாங்கள் அதைக் கேள்விதான் பட்டோம். யாங்கோனில் வீட்டைச் சூடாக்க யாரும் பாடுபடுவதில்லை. சரக்கு வாங்குகிறவர்களின் ஆய்வாளர் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். ஒரு தடவை சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள நின்றுகொண்டு, "உங்கள் வீட்டில் கணப்புக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்?" என்று படிவம் பார்த்துக் கேட்டார். "கூரைத் தகரம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

என் வேலை முக்கியமாக ஈரம் பார்ப்பது. தூள் அச்சுக்குள் போகும் முன் ஒரு முறை, குச்சியாக வந்த பிறகு ஒரு முறை, மூட்டை கட்டும் முன் ஒரு முறை. ஈரம் கூடினால் குச்சி உதிரும், பூசணம் பிடிக்கும், குவியலுக்குள்ளேயே தானாகச் சூடேறும். உதிர்கிறதா என்று பார்க்க, குச்சிகளை ஒரு பெட்டியில் போட்டு ஐந்நூறு சுற்று சுற்ற வேண்டும். அதற்கு மோட்டார் இருந்தது, மின்சாரம்தான் இருக்காது. கையால் சுற்றி எண்ணுவேன். முந்நூறில் யாராவது வந்து 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பார்கள், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். "நாள் முழுக்க ஈரம் பார்த்துட்டு வர்றீங்க, வீட்டுக்கு வரும்போது துளி ஈரம் இல்லாம வர்றீங்க" என்று என் மனைவி சொல்வாள். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எங்கள் மேலாளர் ஊ ஒன் மௌங். எல்லோருக்கும் அவர் 'சயா', அதாவது ஐயா. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் தேநீர், ஒன்றில் தண்ணீர். நான் ஒவ்வொரு குவியலிலிருந்தும் மாதிரி கொண்டுபோவேன். இரண்டு குச்சியை எடுத்துக் காதருகே தட்டிப் பார்ப்பார். பிறகு தண்ணீரில் போடுவார். இறுகிய குச்சி மூழ்கும், மட்டமானது மிதக்கும். என் கருவி காட்டிய ஈர அளவைச் சொல்வேன். அவர் தம்ளரையே பார்த்தபடி, "தேச்சா லா?" என்பார். 'நிச்சயமா?' என்று அர்த்தம். "தேச்சா தே, சயா" என்றால் கையெழுத்து. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு நாள் ஏதோ யோசனையில் குச்சியைத் தேநீரில் போட்டுவிட்டார். மூழ்கியது. "பாஸ்" என்று சொல்லிவிட்டு, தேநீரையும் குடித்து முடித்தார்.

அந்த 'தேச்சா லா'வுக்குத்தான் நான் பயப்படுவேன். திட்டுகிறவரிடம் பொய் சொல்வது சுலபம். நிச்சயமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவரிடம் சொல்வது கஷ்டம்.

இனி பாக்கியம். பேனல் அறை அவள் பொறுப்பு. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று சுவிட்சு போடுகிறவள் அவள்தான். நாற்பது வயதுக்கு மேல். கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகளும் படுத்த படுக்கையாக மாமியாரும் அவளை நம்பித்தான் இருந்தார்கள். ஆலையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். என்னை அண்ணே என்பாள். எங்கள் தமிழைத் தமிழ்நாட்டுக்காரர் கேட்டால் பாதி புரியாது, மீதி பர்மியம்.

இங்கேதான் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பர்மியத்தில் 'மீ' என்றால் நெருப்பு. விளக்கும் மீதான், மின்சாரமும் மீதான். போன கரண்டு திரும்பினால் தெருவே "மீ லா பி!" என்று கூவும். 'மீ வந்துவிட்டது' என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் அது பாதி தமிழாகி "மீ வந்துருச்சு" ஆகிவிட்டது. ஆலையில் இதற்கு ஒரு முறையே இருந்தது. கரண்டு போனதும் பாக்கியம் எல்லா சுவிட்சையும் இறக்கிவிடுவாள். திரும்பியதும் வாசல் பக்கம் யாராவது 'மீ லா பி' என்று கூவுவார்கள். அவள் முதலில் போட வேண்டியது சேமிப்புக் கொட்டகையின் காற்றாடி. குவியலில் தேங்கிய சூட்டை அது வெளியேற்றும். மற்றவை அதற்குப் பிறகுதான்.

ஒரு மத்தியானம் குச்சி ஆறிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிற்று. பாதி ஆறிய குச்சி கொட்டகைக்குள் போய்விட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. குவியல் சூடேறுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீளமான இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு என்றால் கவலையில்லை. அன்று தொட்ட கையை உதறினேன். காறிப்போன எண்ணெய் மாதிரி ஒரு வாசம் வேறு. மண்வெட்டியால் ஓரத்தைத் தள்ளினேன். உள்ளே சிவப்பாக ஒரு கண் தெரிந்தது.

இப்படிக் கனலும் குவியலுக்குக் காற்றுக் காட்டக் கூடாது. அது எனக்குத் தெரியும், பாக்கியத்துக்கும் தெரியும். சொல்ல வேண்டியதெல்லாம் நெருப்பு என்ற ஒரு வார்த்தை. முற்றத்துக்கு ஓடிவந்து பேனல் அறையைப் பார்த்து நான் கத்தியது இதுதான்: "பாக்கியம்! மீ வந்துருச்சு! மீ!"

அந்த நேரம் பார்த்து நிஜமாகவே கரண்டு வந்தது. நாங்கள் வேண்டி நின்ற நாளில் எல்லாம் வராத கரண்டு அது. அவள் பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணனும் சொல்கிறார், விளக்கும் சொல்கிறது. முறைப்படி முதல் சுவிட்சாகக் கொட்டகைக் காற்றாடியைப் போட்டாள். நான் சொன்னது இரண்டு அர்த்தத்திலும் உண்மை ஆயிற்று. பதினாறு வருஷத்தில் நான் கொடுத்த மிகத் துல்லியமான அறிக்கை அதுதான்.

காற்று உள்ளே போனதும் குவியல் பற்றிக்கொண்டது. என் புருவம் இரண்டும் போயின. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அதற்குக் கர்த்தருக்கு நன்றி. பாக்கியம் சத்தம் கேட்டு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓடிவந்து, நனைத்த சாக்குகளை எங்களோடு சேர்ந்து தூக்கினாள். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. தண்ணீர் பட்ட குச்சிகள் ஊதிப் பெருத்து, கொட்டகையின் பலகைச் சுவரைத் தள்ளி உடைத்துக்கொண்டு, உப்புமா மாதிரி முற்றத்துக்கு வழிந்தன. காட்டு மரம் தூளாகி, தூள் குச்சியாகி, கடைசியில் மறுபடி தூளாக என் முழங்கால் வரை நின்றது. பனி தேசத்து வீடுகளுக்குப் போக வேண்டிய சூடு முழுவதையும் அன்று நாங்களே காய்ந்தோம்.

மறுநாள் சரக்கு வாங்குகிறவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். விபத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம், பொறுப்பானவர் பெயர் என்று ஒரு கட்டம். பாக்கியத்தை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். 'பொறுப்பானவர்' கட்டத்தில் பெயர் விழுந்தால் அப்படியே இருந்துவிட வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும்.

நான் என் வாக்குமூலத்தை பர்மியத்தில் எழுதினேன். 'கொட்டகையில் கனல் கண்டேன். மீ என்று கத்தினேன். பேனல் இயக்குபவர் காற்றாடியைப் போட்டார்.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, 'வந்துருச்சு' மட்டும் இல்லை. சயா படித்தார். "தேச்சா லா, ஊ சா?" என்றார். "தேச்சா தே" என்றேன்.

இரண்டாம் நாள் அதை ஆங்கிலத்தில் போட வேண்டி வந்தது. ஆலையில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான்தான். 'மீ' என்ற இடத்தில் அவர்கள் மொழியில் நெருப்புக்கு உள்ள சொல்லைப் போட்டேன். மிஷன் பள்ளி வாத்தியார் பார்த்திருந்தால் முழு மார்க்கு போட்டிருப்பார். படிக்கிறவருக்கு என்ன தெரியும்? ஒருவன் நெருப்பு நெருப்பு என்று அலறுகிறான், ஒரு பெண் போய்க் காற்றாடி போடுகிறாள். பைத்தியக்காரி அல்லது பொறுப்பில்லாதவள். சொல்லுக்குச் சொல் சரி, மொத்தமும் பொய். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். பயந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. நல்ல பெயரோடு வெளியே போக நினைத்தேன். சயா ஆங்கிலத் தாளை வாங்கிக்கொண்டு, "தேச்சா லா?" என்றார். "தேச்சா தே, சயா."

அன்று சாயங்காலம் பாக்கியம் ஆலை வாசலுக்கு வந்தாள். பேனல் அறைச் சாவி அவள் பையிலேயே இருந்துவிட்டதாம், கொடுக்க வந்தாள். பேருந்துக்காக நின்றிருந்த என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க சொன்னதைத்தானே நான் செஞ்சேன்?" என்றாள்.

"சயா பாத்துக்குவாரு" என்றேன்.

"சயாவைக் கேக்கலைண்ணே."

பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். பாலத்தைத் தாண்டி வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைய நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை அறிக்கை போக வேண்டும். சயா என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தம்ளர், நடுவில் படிவம், 'பொறுப்பானவர்' கட்டம் இன்னும் காலி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தபடி கேட்டார். "தேச்சா லா?"

மூன்றாவது முறை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். சேவல் கூவுவதற்குள் மூன்று முறை கர்த்தரை மறுதலித்த சீடனின் கதை தெரிந்த எனக்கு அந்த மூன்று என்ற எண்ணிக்கை உறைத்தது. சேவல் ஒன்றுதான் பாக்கி. ஆலைக்குப் பின்னால் கோழி வளர்க்கிற வீடு ஒன்று வேறு இருந்தது. எங்கே கூவித் தொலைக்குமோ என்ற அவசரத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"இல்லை சயா. நான் வெறும் 'மீ' என்று கத்தவில்லை. தமிழில் 'மீ வந்துருச்சு' என்று கத்தினேன். 'மீ லா பி' என்பதும் அதுவும் ஒன்றுதான். கரண்டு வந்தால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவள் சரியாகத்தான் செய்தாள்."

அவர் பேனாவை மூடினார். என்னைப் பார்க்கவே இல்லை. "இதை முதல் நாளே சொல்ல உங்களுக்கு எது தடை?" என்றார். படிவத்தை என் பக்கம் தள்ளினார். "சரி. இப்போது இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள்" என்றார். நான்கு பக்கம் ஆயிற்று. ஒரே சொல் எப்படி அடுப்பிலும் எரியும், கம்பியிலும் ஓடும் என்று பனி தேசத்துக்காரனுக்குப் புரியவைப்பது, குச்சிப் பெட்டியைக் கையால் ஐந்நூறு சுற்றுச் சுற்றுவதைவிடக் கஷ்டம். கட்டத்தில் என் பெயரை நானே எழுதினேன். அந்த ஒரு தடவை மட்டும் முழுப் பெயர், சவரிநாதன்.

பதில் ஒரு வரியில் வந்தது. 'காரணம்: மொழி. சரிசெய்யவும்.'

பாக்கியம் பேனல் அறைக்குத் திரும்பினாள். என்னிடமிருந்த ஈரமானியை வாங்கிக்கொண்டு மூட்டைப் பகுதிக்கு மாற்றினார்கள். கடைசி இரண்டு வருஷமும் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்ற சீட்டை மூட்டைகளில் ஒட்டினேன்.

மொழியைச் சரிசெய்யும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. நெருப்புக்கு 'மீ' வராத ஒரு கூவல் வேண்டும். 'தீ' என்று கத்தலாம் என்றேன். ஒத்திகை பார்த்தோம். நான் "தீ! தீ!" என்று ஓடினேன், யாரும் அசையவில்லை. பர்மியத்தில் அது 'தெரியும்' என்கிற மாதிரி காதில் விழுமாம். 'தெரியும் தெரியும்' என்று ஊ சா ஏன் ஓடுகிறார் என்று நின்று பார்த்தார்கள். கடைசியில் வேறு எதோடும் ஒட்டாத சொல்லாக 'நெருப்பு' தேறியது. ரகரம் அவர்கள் நாக்கில் யகரம் ஆகும். ஆக, 'நெயுப்பு'. சயா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மா தெட், உன் தாளின் கதை இதுதான்.

பாக்கியத்தின் கதை அந்தத் தாளில் இல்லை. திரும்பி வந்த முதல் நாள் நான் பேனல் அறைக்குப் போனேன். என்ன சொல்வதென்று பாலம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவள் எழுந்து நின்று, "சொல்லுங்க, ஊ சா" என்றாள். எல்லாம் மறந்துவிட்டது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அவளுக்கு நான் ஊ சா. அண்ணே போய்விட்டது.

விடைபெறும் நாளில் ஆலை எனக்கு ஒரு பரிசு கொடுத்தது. வாங்குகிறவர்கள் எப்போதோ மாதிரிக்கு அனுப்பி, வரவேற்பறையில் தூசி படிந்து நின்ற கணப்பு அடுப்பு. இரும்பில் செய்து கண்ணாடிக் கதவு போட்டது. லத்தாவில் எங்கள் நாலாவது மாடி வீட்டுக்கு அதை ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. ஏற்றி முடித்ததும் நாலு பேருக்கும் நன்றாகவே குளிர் விட்டது. இப்போது பூனை அதற்குள் தூங்குகிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் பாக்கியம், கையில் தட்டும் குங்குமமும் பத்திரிகையும். மகளுக்குக் கல்யாணம். படி ஏறிய மூச்சு அடங்கவில்லை. கரண்டு இல்லாத நேரம், அறை கொதித்தது. ஜெசிந்தா பனையோலை விசிறியை எடுத்துக் கொடுத்தாள்.

"ஊ சா, குடும்பத்தோட அவசியம் வரணும்" என்று தட்டை நீட்டினாள். பத்திரிகையின் மேல் 'திரு. சவரிநாதன்' என்று எழுதியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

"பாக்கியம், அந்த மூணு நாளு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் விசிறியை நிறுத்தவில்லை. "ரெண்டாம் நாளு பஸ் போனப்புறமும் நான் அங்கேயே நின்னேன். இறங்கி வருவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு, துப்புக்கெட்ட ஒரு வாக்கியமாக அது வெளியே வந்தது.

அப்போது கீழே தெருவில் "மீ லா பி!" என்று யாரோ கூவினார்கள். அடுத்த மாடி, எதிர் மாடி என்று கூவல் ஏறி வந்தது. எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. பாக்கியம் அண்ணாந்து பார்த்தாள். விசிறியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, மீ வந்துருச்சு" என்றாள்.

எந்த மீ என்று நான் கேட்கவில்லை. கணப்பு அடுப்பை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே பூனை தூங்கிக்கொண்டிருந்தது.